மேரியை யாரும் கேட்கவில்லை: ‘மிஸ்ஸியம்மா’வும் சகிப்பின் வரலாறும்

1955 ஜனவரி 1ஆம் தேதி சிறப்புத் திருமணச் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மதத்தைச் சேர்ந்த ஆணும் வேறு மதத்தைச் சேர்ந்த பெண்ணும், இருவரில் ஒருவரும் மதம் மாறாமல், ஒரு பதிவாளர் முன்னிலையில் கணவன் மனைவியாகலாம் என்றது அந்தச் சட்டம். இரண்டு வாரம் கழித்து, பொங்கலுக்கு, ‘மிஸ்ஸியம்மா’ வெளியானது. மேரி என்ற கிறித்தவப் பெண்ணும் பாலு என்ற இந்து இளைஞனும் கணவன் மனைவியாக நடிக்கப் போய், உண்மையிலேயே காதலில் விழும் கதை.

சட்டமும் படமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டவை அல்ல. படத்தின் வேலை சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒரே மாதத்தில் வந்த இந்த இரண்டும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளைத் தந்தன. மேரி மேரியாகவே இருந்து பாலுவை மணக்கலாம் என்றது சட்டம். மேரி உண்மையில் மேரியே அல்ல, ஜமீன்தாரின் காணாமல்போன மூத்த மகள் மகாலட்சுமி என்றது படம். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் விரும்பிப் பார்த்துவரும் இந்தப் படத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் எல்லாம் இந்த இரண்டு விடைகளுக்கு இடையில்தான் நடக்கின்றன.

பொய்த் தாலியும் மெய்ச் சம்பளமும்

கதையை நினைவூட்டிக்கொள்வோம். ஊரில் ஒரு ஜமீன்தார் தொலைந்துபோன மகளின் பெயரில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு பி.ஏ. படித்த கணவன் மனைவி ஆசிரியர்களாகத் தேவை. வேலையில்லாத பாலுவும், வளர்த்தவர் பட்ட கடனை அடைக்கப் பணம் தேடும் மேரியும் அந்த விளம்பரத்துக்காகத் தம்பதி வேடம் போடுகிறார்கள். மேரிக்கு முன்கோபம். ஜமீன்தார் வீட்டார் காட்டும் அன்பும் சடங்குகளும் அவளை மூச்சுமுட்ட வைக்கின்றன. பாலு சமாளிக்கிறான். ஜமீன்தாரின் இளைய மகளிடம் அவன் நெருங்கிப் பழகுகிறான் என்று மேரிக்கு ஏற்படும் பொறாமையே அவள் காதலை அவளுக்கு உணர்த்துகிறது. துப்பறியும் ஆசை கொண்ட ராஜு என்ற உறவுக்காரன், காலில் உள்ள ஒரு மச்சத்தை வைத்து மேரிதான் மகாலட்சுமி என்று கண்டுபிடிக்கிறான். எல்லாம் சுபம்.

எல். வி. பிரசாத் இயக்கம், நாகிரெட்டி–சக்கரபாணி தயாரிப்பு, மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு, ராஜேஸ்வர ராவின் இசை, சாவித்திரி, ஜெமினி கணேசன், ரங்காராவ், ஜமுனா, தங்கவேலு. படத்தில் யாரும் அதிகம் அழுவதில்லை, யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கண்ணீரும் நீண்ட வசனமும் கோலோச்சிய 1950களின் திரையில் இது ஒரு குளிர்ந்த காற்று. நிலவொளியில் ஒருவர் மீது ஒருவர் குறை சொல்லி நிலவிடமே முறையிடும் அந்தப் பாடலை இன்றும் பாடாத மெல்லிசை மேடை குறைவு.

பெண்ணியப் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது மதத்தை அல்ல, விளம்பரத்தை. பி.ஏ. படித்த ஒரு பெண்ணுக்கு, பட்டம் மட்டும் போதாமல், வேலை கிடைக்க ஒரு கணவன் தேவைப்படுகிறான். பட்டம் மெய், கணவன் பொய், சம்பளம் மெய். தனியாக வேலைக்குப் போகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்த்தது என்பதை எந்த ஆவணத்தையும்விடக் கச்சிதமாக இந்த நகைச்சுவை சொல்லிவிடுகிறது. ‘மிஸ்ஸியம்மா’ என்ற சொல்லே இதிலிருந்து பிறந்தது. வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களை, அதுவும் மணமாகாமல் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியவர்களை, நம் ஊர்க்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ‘மிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ‘அம்மா’ ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தமிழ் மரியாதை கொடுக்க வழி தேடிய சொல் அது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறை ஆசிரியைகளிலும் செவிலியர்களிலும் கிறித்தவப் பெண்கள் ஏன் அத்தனை பேர் என்ற வரலாறும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

மூன்று கட்சிகள்

படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி படத்தை மனதாரக் கொண்டாடுவது. நாடு பிரிவினையின் ரத்தம் காய்ந்து எட்டாண்டுகூட ஆகாத காலம். 1954இல் மத்தியப் பிரதேச அரசு கிறித்தவ மிஷனரிகளின் செயல்பாடுகளை விசாரிக்க நியோகி தலைமையில் குழு அமைத்திருந்த காலம். அப்போது ஒரு வெகுசனப் படம் கிறித்தவப் பெண்ணைக் கதாநாயகியாக்கியது. அவளைக் குட்டைப்பாவாடையோடும் மதுக்கோப்பையோடும் காட்டவில்லை. படித்தவளாக, மானமுள்ளவளாக, கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் துடிப்பவளாகக் காட்டியது. அவள் மேரி மாதாவை நோக்கிப் பாடும் பாட்டு, எந்தக் கேலியும் இல்லாமல் முழுமையாக ஒலிக்கிறது. பி. லீலாவின் குரலில் அந்தப் பாட்டைக் கேட்ட இந்து வீடுகளுக்கு அடுத்த வீட்டுக் கடவுள் கொஞ்சம் நெருங்கி வந்தார். இது சிறிய காரியம் அல்ல.

இரண்டாம் கட்சி கேட்பது: பிறகு ஏன் அந்த மச்சம்? மேரி மேரியாகவே பாலுவை மணந்திருந்தால் படம் எதை இழந்திருக்கும்? பார்வையாளர் இரண்டரை மணி நேரம் கலப்பு மணத்தின் இனிமையை அனுபவிக்கலாம், ஆனால் கடைசியில் எந்தக் கலப்பும் நடக்கவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம். சகிப்பின் ருசி உண்டு, அதன் செலவு இல்லை. கிறித்தவ ஆண் யாரென்று பார்த்தால் கடன்காரனாக வந்து தொல்லை கொடுக்கும் டேவிட் – தமிழில் நம்பியார். நல்ல கிறித்தவப் பெண்ணை இந்து வீடு சுவீகரித்துக்கொள்கிறது, கெட்ட கிறித்தவ ஆண் வெளியே நிற்கிறான், அவளை வளர்த்த பெற்றோர் கதையின் ஓரத்துக்குப் போகிறார்கள்.

மூன்றாம் கட்சியில் நான் இருக்கிறேன். முதல் கட்சி சொல்வதும் உண்மை, இரண்டாம் கட்சி சொல்வதும் உண்மை. ஆனால் இரண்டு கட்சிகளும் இரண்டு மதங்களைப் பற்றிப் பேசுகின்றன. மேரியைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த மதத்தில் இருக்க வேண்டும், எந்த வீட்டுக்கு மகளாக இருக்க வேண்டும், எந்தப் பெயரில் அழைக்கப்பட வேண்டும் என்று படம் தீர்ப்புச் சொல்லும்போது, சாட்சியாக நிற்பது அவளுடைய கால். வாய் அல்ல.

ஒட்டுப்போட்ட கதை

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. சக்கரபாணி இந்தக் கதையை இரண்டு வங்கக் கதைகளிலிருந்து எடுத்து இணைத்தார். பள்ளிக்கூட வேலைக்காகத் தம்பதியாக நடிப்பது ரவீந்திரநாத் மைத்ராவின் ‘மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ நாடகத்திலிருந்து வந்தது. 1935இல் அது வங்காளத்தில் படமாகவும் வந்திருந்தது. தொலைந்த மூத்த மகளும் துப்பறியும் பிள்ளையும் சரதிந்து பந்தோபாத்யாயின் கதையிலிருந்து வந்தார்கள். சிக்கலை உண்டாக்குவது ஒரு கதை, சிக்கலைத் தீர்த்துவைப்பது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்துத் தைத்த இடத்தில்தான் மேரி மகாலட்சுமி ஆகிறாள். அந்தத் தையல் அவ்வளவு நேர்த்தி. சிரித்துக்கொண்டிருக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

சட்டத்தோடு ஒப்பிட்டால் தையல் தெரியும். 1872ஆம் ஆண்டின் பழைய சிறப்புத் திருமணச் சட்டப்படி, மதம் கடந்து மணப்பவர்கள் தமக்கு எந்த மதமும் இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. கிறித்தவத் திருமணச் சட்டத்தின் வழியாக ஒரு கிறித்தவரும் கிறித்தவர் அல்லாதவரும் மணக்கலாம். ஆனால் நடைமுறையில் யாரோ ஒருவர் மாறினார்கள், பெரும்பாலும் பெண். 1954இல் நிறைவேறி 1955இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அறிவிப்பும் கேட்கவில்லை, மாற்றமும் கேட்கவில்லை. ஆனால் அதன் 19ஆம் பிரிவு ஒன்று சொன்னது: கூட்டுக் குடும்பத்தில் உள்ள ஓர் இந்து இந்தச் சட்டப்படி மணந்தால், அந்தக் குடும்பத்திலிருந்து அவர் பிரிந்தவராகக் கருதப்படுவார். அதாவது, மதம் கடந்த மணத்துக்குச் சட்டம் இந்து ஆணிடமும் ஒரு விலை கேட்டது. படம் பாலுவிடம் எதுவுமே கேட்கவில்லை. பெயர், மதம், குடும்பம், உண்ணும் உணவு, கும்பிடும் சாமி எதுவும் அவனுக்கு மாறவில்லை. மாறியது எல்லாம் அவளுக்கு.

இன்னொன்றும் மாறியது. பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியையாக அந்த ஊருக்கு வந்தவள், அந்தப் பள்ளிக்கூடத்துக்கே பெயர் தந்த மகளாக ஆகிவிடுகிறாள். கௌரவம் கூடியது போலத் தெரிகிறது. ஆனால் தன் பட்டத்தால் கடனை அடைக்க வந்த பெண், பிறப்பால் கிடைத்த சொத்துக்குள் மறைந்துபோகிறாள். மேரியின் பி.ஏ. பற்றி முடிவில் யாருக்கும் கவலை இல்லை.

திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள்

படம் உருவான கதையும் இதையே பேசுகிறது. இதே படம் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’. அதில் மேரியாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் பானுமதி. சொந்தமாகப் படக்கம்பெனி வைத்திருந்தவர், எழுத்தாளர், இயக்குநர், பாடகி. வரலட்சுமி நோன்பு நாளில் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார் என்றும், சக்கரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார் என்றும், பானுமதி மறுத்தார் என்றும், எடுத்த காட்சிகள் கைவிடப்பட்டன என்றும் திரையுலகில் சொல்வார்கள். மத நல்லிணக்கப் படத்தின் படப்பிடிப்பில் ஒரு பெண்ணின் நோன்பே தகராறாயிற்று என்பது வேடிக்கைதான். ஆனால் தகராறின் வேர் நோன்பில் இல்லை. ஒரு பெண் மன்னிப்புக் கேட்க மறுத்ததில் இருந்தது. மேரியின் முன்கோபத்தைத் திரையில் ரசிக்கத் தயாராக இருந்தவர்களுக்கு, பானுமதியின் தலைநிமிர்வை நேரில் தாங்க முடியவில்லை.

அந்த இடத்துக்கு வந்தவர் சாவித்திரி. இந்தப் படம்தான் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. முகத்தைத் திருப்பிக்கொள்வதில், உதட்டைச் சுழிப்பதில், கோபத்துக்கும் சிரிப்புக்கும் இடையே ஒரு கணம் தயங்கி நிற்பதில் அவர் செய்ததை இன்றும் நடிப்புப் பாடமாக வைக்கலாம். திரையில் சாவித்திரியும் ஜெமினியும் மணமாகாமலேயே மணமானவர்களாக நடித்தார்கள். உண்மையில் அவர்கள் 1952இலேயே ரகசியமாக மணம் செய்துகொண்டு, மணமாகாதவர்களாக உலகத்தின் முன் நடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெமினிக்கு ஏற்கனவே மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். 1956இல் ஒரு சோப்பு விளம்பரத்தில் ‘சாவித்திரி கணேஷ்’ என்று கையெழுத்திட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. பொறுத்துப்போக வேண்டியவர் யார் என்பது திரையிலும் திரைக்கு வெளியிலும் ஒன்றாகவே இருந்தது.

1957இல் இந்தப் படம் இந்தியில் ‘மிஸ் மேரி’ ஆனது. மேரியாக நடித்தவர் மீனாகுமாரி. மஹ்ஜபீன் என்ற முஸ்லிம் பெண், இந்துப் பெயரில் நடிகையாகி, கிறித்தவப் பெண்ணாக நடித்து, இந்து மகளாகக் கண்டெடுக்கப்படுகிறார். பெண்ணின் பெயர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய பலகை போல.

கொல்லிமலையிலிருந்து பார்க்கும்போது

இந்தப் படத்தைக் கொல்லிமலையிலிருந்து பார்ப்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பழைய இலக்கியம், இன்னொன்று நூறாண்டுக்கு முந்தைய ஒரு குழந்தை.

தமிழ் படிப்பவர்களுக்குக் கொல்லி என்றாலே பாவை. நற்றிணையும் குறுந்தொகையும் அந்தப் பாவையைப் பாடுகின்றன. தெய்வம் செய்து வைத்த உருவம் அது. காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகு குலையாதது. தலைவனின் கண்ணுக்குத் தலைவி அப்படித் தெரிகிறாள். பெண்ணை இப்படி மாறாத உருவமாக நினைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ‘மிஸ்ஸியம்மா’வின் மகாலட்சுமியும் ஒரு கொல்லிப்பாவைதான். வேறு வீட்டில் வளர்ந்தாள், வேறு கடவுளைக் கும்பிட்டாள், வேறு பெயரில் படித்துப் பட்டம் வாங்கினாள். அதெல்லாம் மேலே அடித்த காற்றும் மழையும்தான், உள்ளே ஜமீன்தார் மகள் சிதையாமல் இருந்தாள் என்று படம் சொல்கிறது. வளர்ந்த வாழ்க்கை வெறும் வானிலை, பிறப்பு மட்டுமே கல்.

இனி அந்தக் குழந்தை. 1913இல் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் மணம் முடித்த கையோடு கொல்லிமலை ஏறினார்கள். செம்மேட்டுக்கு அருகே வாழவந்தியில் வீடு கட்டினார்கள். மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள், மரவேலை கற்றுக்கொடுத்தார்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து வேலூரில் உலகப்புகழ் பெற்ற பால் பிராண்ட், 1914இல் இந்த மலையில் பிறந்த அவர்களுடைய மகன். தொடக்க ஆண்டுகளில் மலைமக்களில் யாரும் அவர்களுடைய மதத்தில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்தது. சொந்தக்காரர்களே கிட்டே போக அஞ்சிய நேரத்தில் பிராண்ட் தம்பதி பூசாரியின் வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொடுத்துக் கவனித்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அவர்கள் அவளுக்கு விவிலியத்திலிருந்து ஒரு பெயர் வைத்து மகளாக வளர்த்தார்கள். மிஷனரி நூல்களில் இது மலையில் கிடைத்த முதல் வெற்றியின் கதை.

அந்தக் குழந்தையின் கதையை ‘மிஸ்ஸியம்மா’வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் இந்துக் குழந்தை, கிறித்தவத் தம்பதியின் வளர்ப்பு. படத்தில் தந்தை தேடி எடுத்துக்கொள்கிறார். மலையில் தந்தை தாமே கொடுத்துவிடுகிறார். ஒன்றில் இந்துக்களுக்கு வெற்றி, மற்றொன்றில் கிறித்தவர்களுக்கு வெற்றி. இரண்டிலும் பெண்குழந்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறும் சான்று. யாருடைய கடவுள் பெரியவர் என்பதற்கு அவளுடைய உடம்பே அத்தாட்சி.

ஆனால் மலைக்கதையில் படத்தில் இல்லாத ஒன்று உண்டு. எதிரியாக இருந்த ஒருவரின் வாசலுக்குக் காய்ச்சல் நேரத்தில் நடந்துபோன இரண்டு பேர். தன்னுடைய கடவுளை ஏற்காதவர்களிடம் குழந்தையை நம்பிக் கொடுத்த ஒரு தகப்பன். அங்கே இரு தரப்பும் எதையோ இழந்தார்கள், எதையோ பணயம் வைத்தார்கள். கணவர் 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்த பிறகும் எவலின் இங்கே வேலை செய்யவே விரும்பினார். 68 வயதில் இனி மலை வேண்டாம் என்று மிஷன் சொன்னது. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் யாருடைய உத்தரவும் இல்லாமல் தானாகவே மலைகளுக்குத் திரும்பி, குதிரைமேல் ஊர் ஊராகப் போனார். 1974இல் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம். மதமாற்றத்தைப் பற்றி நமக்கு எந்தக் கருத்து இருந்தாலும், தன் அமைப்பின் ஆண்களிடம் ‘முடியாது’ என்று சொன்ன ஒரு முதிய பெண்ணாக அவரை நான் மதிக்கிறேன். ‘மிஸ்ஸியம்மா’ என்ற சொல்லின் மெய்யான சொந்தக்காரர்களில் அவர் ஒருவர்.

செம்மேட்டில் ஒரு மாலை

சில ஆண்டுகளுக்கு முன் செம்மேட்டில் ஒரு கூடத்தில் மகளிர் குழுப் பெண்களும், கீழே இறங்கிக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுமாகச் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். மலையாளி பழங்குடிப் பெண்களே அதிகம். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. சிரிப்பு மட்டும் போகவில்லை. படம் முடிந்ததும் பேசச் சொன்னேன்.

மிளகுக் கொடி ஏற்றும் ஓர் அக்கா சொன்னார்: “அந்தப் பொம்பள அத்தன கோவப்படறா, ஒருத்தனும் கை ஓங்கலையே. அதுவே பெரிய விசயம்.” பெண்ணியத் திரை விமர்சனத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு வரியை நான் அதிகம் படித்ததில்லை. வீட்டுக்குள் பெண்ணின் கோபத்தை ஓர் ஆண் தாங்கிக்கொள்வதும் சகிப்புதான். அதை அவர் மட்டும்தான் கவனித்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிறித்தவ நர்ஸம்மா, “எங்க பாட்ட முழுசாப் பாட விட்டாங்க, சந்தோசம். ஆனா கடைசில எங்க வீட்டுப் பிள்ளைய எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் இளம் ஆசிரியை, “மலைக்கு வேலைக்கு வந்தப்போ எனக்கும் வீடு கிடைக்கல. ‘வீட்டுக்காரர் வருவாரா’ன்னுதான் முதல்ல கேட்டாங்க” என்றார். 1955இன் விளம்பரம் இன்னும் கிழிக்கப்படவில்லை.

கடைசியாக ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், படத்துல மதத்தத்தான் பேசறாங்க, யாரும் சாதியக் கேக்கலயே? அந்த மச்சத்த வெச்சுத் தேடினப்போ, அவ ஜமீன்தார் பொண்ணா இல்லாம எங்கள மாதிரி வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?”

இந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. ஏனென்றால் படம் தொலைந்த குழந்தையை ஜமீன் வீட்டிலிருந்து மட்டும்தான் தேடுகிறது. மதத்தைத் தாண்டுவது போலக் காட்டி, சாதிக்குள் பத்திரமாக இறங்கிக்கொள்கிறது. கிறித்தவப் பெண்ணாக மேரிக்கு எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே மச்சம் முந்திக்கொண்டது. மத நல்லிணக்கத்தைச் சிரித்துப் பேசும் நாம் அகமணமுறையைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பதன் முன்மாதிரி இது.

மேரிக்குப் பின் வந்தவர்கள்

1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. பிராமணப் பையன், கிறித்தவப் பெண். அவள் பெயரும் மேரிதான். இந்த முறை இருவரும் தங்கள் அடையாளங்களைக் கழற்றி எறிகிறார்கள். அவன் பூணூலை, அவள் சிலுவையை. 26 ஆண்டுகளில் தமிழ்த் திரை ஓரடி எடுத்து வைத்தது உண்மை. 1995இல் மணிரத்னத்தின் ‘பம்பாய்’. இந்து ஆண், முஸ்லிம் பெண். 2010இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’. இந்து ஆண், கிறித்தவப் பெண் ஜெஸ்ஸி. வரிசையைப் பாருங்கள். ஆண் எப்போதும் பெரும்பான்மை மதம், பெண் எப்போதும் சிறுபான்மை மதம். எல்லை தாண்டி வருவது அவள், வரவேற்கும் பெருந்தன்மை அவனுடையது. பெண்ணைக் கொண்டுவருவது சகிப்பு, பெண்ணைக் கொடுப்பது அவமானம் என்ற பழைய கணக்குதான் இது. இதைத் திருப்பிப் போட்டு, இந்துப் பெண் முஸ்லிம் ஆணையோ கிறித்தவ ஆணையோ மணப்பதை மென்மையான நகைச்சுவையாக எடுக்க இன்று எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? இந்த வரிசையில் ஜெஸ்ஸி மட்டும் சற்று வித்தியாசமானவள். தமிழ்ப் படத்தில் அவள் அவனை மணக்கவில்லை. குழம்புகிறாள், தயங்குகிறாள், விலகுகிறாள். ரசிகர்கள் பலர் அவளைத் திட்டினார்கள். ஆனால் முடிவு அவளுடையது.

திரைக்கு வெளியே என்ன நடந்தது என்பதற்குத் தொலைவு போக வேண்டாம். கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு இருக்கிறது. 2015 ஜனவரியில், ‘மிஸ்ஸியம்மா’ வெளிவந்து சரியாக அறுபது ஆண்டு ஆன மாதத்தில், அந்த ஊரைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்காக நெருக்கப்பட்ட பெருமாள்முருகன், எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். முதன்மைக் குற்றவாளிக்கும் மற்றவர்களுக்கும் 2022இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. என் வகுப்பறைக்கு வரும் மாணவிகள் இந்த மாவட்டத்துக்காரர்கள். யாரோடு பேருந்தில் பேசலாம், யாரோடு கோயிலுக்குப் போகலாம் என்பது அவர்களுக்குத் திரைப்பட ரசனை சார்ந்த கேள்வி அல்ல.

சகித்தல் யாருடைய வேலை?

‘சகிப்புத்தன்மை’ என்று நாம் சொல்லும் சொல்லைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். சகித்தல் என்றால் தாங்கிக்கொள்ளுதல். தமிழ்நாட்டில் ஒரு பெண் திருமணமாகிப் போகும்போது, மாமியார் திட்டினால், கணவன் அடித்தால், சாப்பாடு மிச்சமில்லாவிட்டால் அவளுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் இதே சொல்தான்: சகிச்சுக்கோ, பொறுத்துப் போ. பூமியைப் போலப் பொறுமை என்று அவளைப் புகழ்வார்கள். பூமியை யாரும் கேட்டுவிட்டு வெட்டுவதில்லை. நாட்டுக்குள் மதங்கள் ஒன்றையொன்று சகிக்க வேண்டும் என்று நாம் மேடையில் பேசும்போது, அந்தச் சகிப்பை வீட்டுக்குள் யார் சுமந்து தருகிறார்கள் என்று கேட்பதில்லை. பெயரை, உணவை, பண்டிகையை, குழந்தையின் மதத்தை விட்டுக்கொடுத்து இரண்டு சமூகங்களுக்கு நடுவே பாலமாகக் கிடப்பவள் யார்? பாலத்தின் மேல் எல்லோரும் நடப்பார்கள்.

இதற்காக ‘மிஸ்ஸியம்மா’வைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேரியின் கோபம் எனக்கு வேண்டும். அவளுடைய பட்டம் வேண்டும். சொந்தச் சம்பளத்தில் கடனை அடைக்கும் பிடிவாதம் வேண்டும். மாதாவிடம் அவள் பாடும் பாட்டு வேண்டும். நிலவொளியில் ஆணும் பெண்ணும் சமமாகச் சண்டை போடும் அந்த இரவு வேண்டும். மச்சம் மட்டும் வேண்டாம். நம் பெண்கள் இந்தப் படத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். அறுபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் படத்தை யாரும் ‘மகாலட்சுமி’ என்று நினைவில் வைத்திருக்கவில்லை. மிஸ்ஸியம்மா என்றே அழைக்கிறோம். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட, அவள் உழைத்து வாழ்ந்த பெயர் மக்கள் நாவில் நின்றுவிட்டது.

1955 ஜனவரியில் வந்த அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. அந்தச் சட்டப்படி மணக்க விரும்பும் இருவரும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாள் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். பெயரும் முகவரியும் அந்தத் தாளில் இருக்கும். தேடி வருகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி. அந்த 30 நாளில் எத்தனை மேரிகள் வீட்டுக்குள் பூட்டப்படுகிறார்கள் என்பதை எந்த நகைச்சுவைப் படமும் காட்டியதில்லை. பெண் இயக்கங்கள் இந்த அறிவிப்பு முறையை நீக்கக் கோரிவருகின்றன. அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்தப் படம் வரும்போது சிரியுங்கள், நானும் சிரிப்பேன். ராஜு மச்சத்தைத் தேடும் காட்சி வந்ததும், பக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளையிடம் படம் கேட்காத கேள்வியைக் கேளுங்கள்: மேரிக்கு என்ன விருப்பம் என்று நினைக்கிறாய்?